கேள்வி–பதில்: ஆய்வகச் சுவரில் ஏன் உப்புப் பூக்கிறது?

கே: காரைக்குடி 'செக்ரி' அழகப்பா பல்கலைக்கழகத்தின் ஒரு பகுதிதானே?

ப: இல்லை, அது மத்திய அரசின் அறிவியல் ஆராய்ச்சி அமைப்பான சி.எஸ்.ஐ.ஆரைச் சேர்ந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம். வயதிலும் அதுவே மூத்தது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தந்து அதை நம் ஊருக்குக் கொண்டுவந்தார். 1948 ஜூலை 25-இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14-இல் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். பல்கலைக்கழகம் வந்தது 1985-இல்.

கே: எங்கள் கல்லூரியின் பழைய வேதியியல் ஆய்வகம் செங்கல், சுண்ணாம்புக் காரைக் கட்டடம். அடிச்சுவர் பொரிந்து உதிர்கிறது. மூன்று முறை சிமென்ட் பூசியும் நிற்கவில்லை. என்ன செய்வது?

ப: சிமென்ட் பூசியதால்தான் நிற்கவில்லை. தரையிலிருந்து ஏறும் ஈரம், அதாவது ஓதம், சுண்ணாம்புப் பூச்சு வழியாகக் காய்ந்து வெளியேறிவிடும். சிமென்ட் அந்த வழியை அடைக்கிறது. ஈரத்தோடு வந்த உப்பு செங்கல்லுக்குள்ளேயே படிந்து அதன் முகத்தைப் பிளக்கிறது. உதிர்ந்த பொருக்கு ஒன்றைத் திருப்பிப் பாருங்கள், பின்பக்கம் செங்கல் தூள் ஒட்டியிருக்கும். பூச்சு விழும்போதெல்லாம் சுவரும் கொஞ்சம் போகிறது.

முதலில் சிங்க் குழாய்க் கசிவையும், வெளியே சுவரை ஒட்டி மேடாகிவிட்ட மண்ணையும் சரிசெய்யுங்கள். ஓதம் ஏறிய கோட்டுக்கு மேல் ஒரு முழம் வரை சிமென்ட்டைக் கையுளியால் எடுங்கள். இயந்திரம் வேண்டாம், செங்கல் சிதறும். உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் அது மறுபடி உள்ளே போகும். சுவர் சில வாரம் காயட்டும்.

நீற்றிய சுண்ணாம்பு குறைந்தது 15 நாள் தண்ணீரில் ஊற வேண்டும். அதில் ஒரு பங்குக்கு மூன்று பங்கு உப்பில்லாத மணல். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் குழைப்பது நம் பக்கத்துக் கொத்தனார்களின் வழக்கம். ஒரு தடவைக்கு அரை அங்குலத்துக்கு மேல் பூசக் கூடாது. ஒரு வாரம் ஈரச்சாக்கு தொங்கவிடுங்கள், சட்டென்று காய்ந்தால் வெடிக்கும். மேலே சுண்ணாம்பு வெள்ளைதான் அடிக்க வேண்டும். எமல்ஷன் பெயிண்ட் அடித்தால் ஓதம் பழையபடி அடைபடும்.

கே: எங்கள் கல்லூரி ஆய்வகத் தரைக்கு ஆத்தங்குடிக் கல் போடலாமா?

ப: தாழ்வாரத்துக்குப் போடுங்கள், அழகாக இருக்கும். ஆய்வகத்துக்கு வேண்டாம். அது சூளையில் சுட்டதல்ல. கண்ணாடி மேல் வண்ணச் சிமென்ட் வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. எலுமிச்சைச் சாறு பட்டாலே தடம் விழும், அமிலம் பட்டால் நுரைத்து மேற்பரப்பே போய்விடும். அமிலம் தாங்கும் சுட்ட ஓடு போடுங்கள். சுண்ணாம்புப் பூச்சுக்கும் அமிலம் ஆகாது என்பதால், சிங்க்குக்குப் பின்னே ஒரு கருங்கல் பலகையைச் சுவரிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி நிறுத்துங்கள். பின்னால் காற்று போகட்டும்.