டாக் மென்பொருள்: எதை வைப்பது, எங்கே வைப்பது?

அடிக்கடி திறக்கும் நிரல்களின் ஐகான்களைத் திரையின் ஓரத்தில் வரிசையாகக் காட்டும் பட்டைதான் டாக்.

கேள்வி: முன்பு விண்டோஸ் எக்ஸ்பி கணினியில் ராக்கெட்டாக் என்ற டாக் மென்பொருளை வைத்திருந்தேன். விண்டோஸ் 11இலும் அதையே நிறுவலாமா?

பதில்: எனக்கும் மிகவும் பிடித்த மென்பொருள் அது. ஆனால் அதன் 1.3.5 பதிப்பு வெளியானது 2008இல். விண்டோஸ் 7கூட அப்போது வரவில்லை. இன்றைய கணினியிலும் அது பெரும்பாலும் இயங்கிவிடும். ஆனால் இப்போதைய கூர்மையான திரைகளை எண்ணி எழுதப்பட்டதல்ல என்பதால் ஐகான்கள் மங்கலாகத் தெரியக்கூடும். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு வின்ஸ்டெப் நிறுவனத்தின் நெக்சஸ் என்ற டாக்கைத்தான் நான் பரிந்துரைப்பேன். இலவசப் பதிப்பில் ஒரே ஒரு டாக் கிடைக்கும். பெரும்பாலோருக்கு அது போதும். பல டாக்குகள் வேண்டுமென்றால் மட்டும் கட்டணப் பதிப்பை நாடுங்கள். எதுவானாலும், உருவாக்கியவர்களின் சொந்தத் தளத்திலிருந்தே பதிவிறக்குங்கள். இலவச மென்பொருள்களைத் திரட்டித் தரும் தளங்களில் வேண்டாத விளம்பர நிரல்களும் ஒட்டிக்கொண்டு வருவதுண்டு.

கேள்வி: என் தந்தைக்கு வயது 74. கை சற்று நடுங்குகிறது. பெரிய ஐகான்களோடு டாக் வைத்துக் கொடுத்தேன். ஆனாலும் தவறான ஐகானையே அழுத்திவிடுகிறார்.

பதில்: தவறு அவருடையதல்ல. மவுஸ் அருகில் வரும்போது ஐகான் பெரிதாகும் வசதி இயங்கிக்கொண்டிருக்கும் என்று நினைக்கிறேன். ஒரு ஐகான் பெரிதாகும்போது பக்கத்தில் இருப்பவை நகர்கின்றன. குறிவைத்த இடமே விலகிப்போனால் நடுங்கும் கை என்ன செய்யும்? முதலில் அந்த வசதியை நிறுத்திவிட்டு, ஐகான்களை நிலையான பெரிய அளவில் வையுங்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். அழகுக்காகச் சிலர் டாக்கைத் திரையின் விளிம்பிலிருந்து சிறிது தள்ளி மிதக்கவிடுவார்கள். அந்த இடைவெளியைப் பூஜ்ஜியமாக்குங்கள். விளிம்பு ஒரு சுவர் மாதிரி: மவுஸை எவ்வளவு வேகமாகத் தள்ளினாலும் அதைத் தாண்டாது, அங்கேயே நின்றுவிடும். குறி பெரிதாகவும் அருகிலும் இருந்தால் கை விரைவில் எட்டும் என்பதை பால் ஃபிட்ஸ் என்ற உளவியலாளர் 1954இலேயே சோதனைகளால் காட்டினார். விளிம்பை ஒட்டிய ஐகான், பார்வைக்குச் சிறிதானாலும் கைக்குப் பெரியது. தானாக மறையும் வசதியும் வேண்டாம். டாக் எப்போதும் ஒரே இடத்தில், ஒரே வரிசையில் இருக்கட்டும். அவர் அன்றாடம் திறக்கும் ஐந்தாறு நிரல்களை மட்டும் அதில் விட்டுவையுங்கள்.

கேள்வி: உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் பிளாங்க் என்ற டாக்கை நிறுவினேன். சரியாக நிற்பதில்லை. ஏன்?

பதில்: பிளாங்க் எக்ஸ்11 என்ற பழைய திரை அமைப்பை நம்பி எழுதப்பட்டது. உபுண்டு இப்போது வேலேண்டு என்ற புதிய திரை அமைப்புக்கு மாறிவிட்டது. அந்த அமைப்பில், திரையின் எந்த மூலையில் நிற்பது என்பதை ஒரு நிரல் தன் விருப்பப்படி முடிவு செய்ய முடியாது. உங்களுக்கு இன்னொரு டாக் தேவையே இல்லை. 17.10 பதிப்பு முதல் உபுண்டுவிலேயே ஒன்று இருக்கிறது. 'டேஷ் டு டாக்' என்ற நீட்சியிலிருந்து பிறந்தது அது. அமைப்புகளுக்குள் சென்று டாக்கைத் திரையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நீட்டும் 'பேனல்' முறையை அணைத்து, இடத்தைக் கீழே மாற்றினால், பிளாங்க் போன்ற தோற்றம் ஏறக்குறைய வந்துவிடும்.

லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு போன்ற எக்ஸ்11 மேசைத்திரைகளில் பிளாங்க் இன்றும் அருமையானது, நினைவகத்தையும் குறைவாகவே எடுக்கும். அதன் விருப்பத்தேர்வுகள் எங்கே என்று பலர் தேடித் தவிக்கிறார்கள். கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு டாக்கின் மீது வலது கிளிக் செய்யுங்கள். கேடிஇ மேசைத்திரைக்கான லாட்டே டாக்கை மட்டும் இப்போது புதிதாக நிறுவ வேண்டாம். அதை உருவாக்கியவர் 2022இல் விலகிவிட்டார்.

கேள்வி: என் மடிக்கணினித் திரை 1366×768. டாக்கைக் கீழே வைப்பதா, பக்கவாட்டிலா?

பதில்: பக்கவாட்டில்தான். உயரம் 768 புள்ளிகள்தான். விண்டோஸ் 10இன் டாஸ்க்பாரே அதில் 40ஐ எடுத்துக்கொள்கிறது. அதன் மேல் டாக்கும் ஏறினால் கடிதம் தட்டச்சு செய்கையில் நான்கைந்து வரிகள் பறிபோகும். அகலத்திலோ இடம் தாராளம்.

கேள்வி: டாக்கில் 30 ஐகான்கள் சேர்ந்துவிட்டன. தேடுவதற்கே நேரமாகிறது.

பதில்: ஒரு வாரம் தொடாத ஐகான்களை எடுத்துவிடுங்கள். விண்டோஸில் எட்டொன்பது நிரல்கள்தான் மிஞ்சும் என்றால் டாக்கே தேவையில்லை. 2009இல் வந்த விண்டோஸ் 7 முதல், டாஸ்க்பாரிலேயே நிரல்களைப் பொருத்திவைக்கலாம். விண்டோஸ் விசையோடு 1 அழுத்தினால் முதல் நிரல் திறக்கும், 2 அழுத்தினால் இரண்டாவது. மவுஸைத் தொடவே வேண்டாம்.