விடுதலைப் பத்திரம்

அன்புள்ள ஐயா,

ஆறு வருடத்துக்கு முன்பு ஞானஸ்நானம் பெற்றவன் நான். குடியை விட்டேன், வீட்டில் கை ஓங்குவதை விட்டேன். சபையில் பலமுறை சாட்சி சொல்லியிருக்கிறேன். அதற்கெல்லாம் முன்னால், அப்பா இறந்த வருடம், நிலத்தின் பேரில் பெரிய கடன் இருக்கிறது என்று பொய் சொல்லி, சொற்பப் பணத்தைக் கொடுத்து, தன் பங்கை விட்டுக்கொடுப்பதாகத் தம்பியிடம் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிவிட்டேன். இன்றுவரை அவனுக்கு உண்மை தெரியாது. வாடகைக் கடையில் டீ ஆற்றிக்கொண்டிருக்கிறான். அந்தத் தெருவில் நான் வண்டி ஓட்டுவதில்லை, சுற்றித்தான் போவேன். போதகரிடம் சொன்னேன். கர்த்தர் நம் பாவங்களைச் சமுத்திரத்தின் ஆழத்தில் போட்டுவிட்டார், திரும்பத் திரும்ப உறுத்துவது சாத்தானின் குரல் என்றார். அப்படியானால் எனக்கு ஏன் இன்னும் விடுதலை கிடைக்கவில்லை? என் விசுவாசத்தில் குறையா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் ‘விடுதலை’ இரண்டு இடத்தில் வருகிறது. ஒன்று கர்த்தரிடம் கேட்பது, இன்னொன்று தம்பியிடம் எழுதி வாங்கியது. எழுதும்போது கவனித்தீர்களா தெரியவில்லை.

போதகர் சொன்ன வசனம் வேதாகமத்தில் மீகாவின் புத்தகத்தில் இருக்கிறது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உறுத்தலைச் சாத்தான் கணக்கில் எழுதியதில்தான் சந்தேகம்.

‘அமேசிங் கிரேஸ்’ மெட்டு உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தப் பாட்டின் வரிகளை எழுதிய ஜான் நியூட்டனின் கதையையும் பிரசங்கத்தில் கேட்டிருப்பீர்கள். 1748 மார்ச்சில் அட்லாண்டிக் கடலில் புயல். கப்பலுக்குள் தண்ணீர் ஏறுகிறது. 22 வயதுப் பையன் பம்பு அடித்து அடித்து ஓய்ந்துபோய்த் தேவனைக் கூப்பிட்டான், பிழைத்தான், மனந்திரும்பினான். பிரசங்கத்தில் வழக்கமாக விட்டுப்போவது அதற்கடுத்த ஆறு வருடம். மனந்திரும்பிய அதே நியூட்டன் 1750க்கும் 1754க்கும் இடையே மூன்று முறை அடிமைக் கப்பலுக்குத் தலைவராகவே போனார். ஞாயிற்றுக்கிழமை மாலுமிகளைக் கூட்டி ஆராதனை நடத்தினார். மேலே ஜெபம், கீழ்த்தட்டில் விலங்கு மாட்டிய மனிதர்கள். அந்தப் பயணங்களில் தேவனோடு இனிமையாக உறவாடியதாகக்கூட எழுதியிருக்கிறார். கடல் தொழிலை விட்டதும் மனசாட்சி உறுத்தி அல்ல, உடம்புக்கு முடியாமல் போனதால்.

1773 புத்தாண்டு ஆராதனைக்கு அந்தப் பாட்டு. அடிமை வியாபாரத்தைக் கண்டித்து அவர் நூல் வெளியிட்டதோ 1788இல். புயலிலிருந்து எண்ணினால் 40 வருடம். கப்பலின் கீழ்த்தட்டில் மனிதர்களை அலமாரியில் புத்தகம் அடுக்குவது போல நெருக்கிக் கிடத்துவார்கள் என்று அதில் எழுதுகிறார். தன் வாக்குமூலம் காலங்கடந்து வருகிறது என்றும் ஒப்புக்கொள்கிறார். அவரை மட்டம் தட்ட இதைச் சொல்லவில்லை. தன் பாவக் கணக்கைத் தானே அச்சில் போட்டவர்கள் எத்தனை பேர்? நான் சொல்ல வந்தது வேறு. கப்பலில் இருந்தபோது நியூட்டனுக்குச் சமாதானம் இருந்தது. உங்களுக்கு அது இல்லை. உங்கள் நிலைமையே தேவலை என்பேன்.

இயேசுவைப் பார்க்க மரம் ஏறிய பணக்கார வரிவசூல்காரன் சகேயுவை ஞாயிறு பள்ளியில் காட்டத்தி மரத்தோடு விட்டுவிட்டோம். குள்ளன், மரம் ஏறினான், அவ்வளவுதான் பிள்ளைகளுக்கு. லூக்கா எழுதியிருக்கும் வரிசையைப் பாருங்கள். இயேசு அவன் வீட்டுக்கு வந்தது முதலில், அவன் கணக்குப் பார்த்தது பிறகு. அதனால் நிலத்தைக் கொடுத்து மன்னிப்பு வாங்கப் போகிறோம் என்று நினைத்துவிடாதீர்கள், அது விலைக்குக் கிடைக்காது. ஆனால் அப்படி ஒருவர் வீட்டுக்குள் வந்தபின் சகேயுவால் சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து நின்று, அநியாயமாய் வாங்கியதை ‘நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன்’ என்கிறான். தானாக ஒப்புக்கொள்பவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுத்தால் போதும் என்பது மோசேயின் பிரமாணம். யாரும் கேட்காமலே அவன் நாலு மடங்குக்குப் போய்விட்டான். ‘இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது’ என்று இயேசு சொல்வது அதற்கு அடுத்த வசனத்தில்.

உங்கள் விசுவாசத்தில் குறை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. விசுவாசம் வேலை செய்வதால்தான் அந்தத் தெரு வழியே போக முடியவில்லை.

முதலில் உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள், அங்கேயே பாதிச் சண்டை முடிந்துவிடும். பத்திர எழுத்தரிடம் போய், பாதிப் பங்கைத் தம்பி பேருக்கு எழுதிவைக்க என்ன செய்ய வேண்டும், எவ்வளவு செலவாகும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு கடை சாத்தும் நேரமாகப் பார்த்துப் போங்கள், ஆள் இருக்கும்போது வேண்டாம். ‘கர்த்தர் என்னை மன்னித்துவிட்டார்’ என்று தயவுசெய்து ஆரம்பிக்காதீர்கள், அவனுக்கு அது எரியும். ‘கடன் இருக்கிறது என்று சொன்னேனே, அது பொய்’ என்று ஆரம்பியுங்கள். அவன் கை நீட்டலாம், மூஞ்சியில் முழிக்காதே என்றும் சொல்லலாம். மன்னிப்பதும் மன்னிக்காததும் அவன் இஷ்டம், அதற்குக் காலக்கெடு வைக்க உங்களுக்கு உரிமை இல்லை.

இத்தனை வருட விளைச்சல் கணக்கு வேறு பாக்கி இருக்கிறது. அந்தத் தொகையைத் தம்பியே சொல்லட்டும்.