பூச்சியத்துக்கும் ஒரு கரை இருக்கு

கேள்வி: பைதன்ல 4+0ஜே (ஜே எண்டா -1இன்ட வர்க்கமூலம்) எண்ட சிக்கலெண்ணுக்கு முன்னால மைனஸ் போட்டு சீமேத் (cmath) எண்ட சிக்கலெண் கணக்குத் தொகுதியில வர்க்கமூலம் எடுத்தா -2ஜே வருது, கொம்ப்ளெக்ஸ்(-4, 0) எண்டு நேரா குடுத்தா 2ஜே வருது. ரெண்டு எண்ணும் சமனா எண்டு கேட்டா ட்ரூ எண்டுது! பிழை பைதன்லயா என்னிலயா?
- வாசகி, அக்கரைப்பற்று

பதில்: ரெண்டு பேரிலயும் இல்ல தங்கச்சி. மைனஸ் போட்டத பிரிண்ட் பண்ணிப் பாருங்க, (-4-0ஜே) எண்டு வரும். மைனஸ் கற்பனைப் பகுதியிலயும் விழுந்து 0.0 இப்ப -0.0 ஆகிட்டு. ஏ.எல்-ல அப்பிடி எழுதினா சேர் சிவப்புப் பேனையால வெட்டுவார், ஆனா கணினி தசம எண்கள எப்பிடி வைக்கணும் எண்டு 1985ல வந்த ஐட்ரிபிள்ஈ 754 (IEEE 754) நியமத்தில குறிக்கெண்டே ஒரு பிட் தனியா இருக்கு, அது பூச்சியத்துக்கும் உண்டு. சமனா எண்டு கேட்டா மட்டும் அந்தக் குறியப் பார்க்காது, அதான் ட்ரூ.

நான் மட்டக்களப்பு ஆள் எண்டதால எங்கட வாவிய வச்சே சொல்றன். மறை மெய்யச்சு, அதாவது -4 மாதிரி மறை எண்கள் இருக்கிற கோடு, வாவி எண்டு வையுங்க, மேல எழுவான்கரை, கீழ படுவான்கரை. -4க்குக் கொஞ்சம் மேல நிண்டா மூலம் 2ஜேக்குக் கிட்ட, கொஞ்சம் கீழ நிண்டா -2ஜேக்குக் கிட்ட, நடுவில ஒரேயடியா பாயுது. குருமண்வெளி - மண்டூர் பாதை (ஆக்களையும் வாகனத்தையும் ஏத்தி வாவியக் கடக்கிற மிதவை) நடு வாவியில நிக்கிற நேரம் படம் எடுத்தா அது எந்தக் கரையில வெளிக்கிட்டது எண்டு படத்தில தெரியாதுதானே, அந்தத் தகவலத்தான் பூச்சியத்தின்ட குறி வச்சிருக்கு. ஒரு நுண்ணிய மறை எண் கணக்கில தேய்ஞ்சு தேய்ஞ்சு பூச்சியமாகினாலும் -0.0 ஆத்தான் ஆகும், படுவான்கரையில வந்தது எண்டு மறக்காது. இதுக்காக மல்லுக்கட்டின ஆள் அந்த 754 நியமத்த உருவாக்கினதில முக்கியமான வில்லியம் கஹான், 1987லயே இதப் பத்தி ஒரு கட்டுரை எழுதினவர். இணைச் சிக்கலெண்ணின்ட (கற்பனைப் பகுதியின்ட குறிய மட்டும் மாத்தினது) மூலமும் மூலத்தின்ட இணையும் ஒண்டாத்தான் வரணும் எண்ட விதி அச்சிலயும் உடையாம நிக்கிறது இந்தக் குறியாலதான், எனக்கு அது பெரிய விசயம்.

உங்களுக்கு 2ஜேதான் வேணும், கற்பனைப் பகுதி சும்மா பூச்சியம்தான் எண்டு நிச்சயமா தெரிஞ்சா அதோட 0.0 கூட்டி விடுங்க, -0.0 நல்ல பிள்ளையா 0.0 ஆகிரும். குறி என்னெண்டு பார்க்கிறதுக்கு மேத் தொகுதியில இருக்கிற கொப்பிசைன் (math.copysign). 0.0 கழிக்காதீங்க, -0.0 அசையாம அப்பிடியே நிக்கும், நான் ஒரு இரவு முழுக்க அதிலதான் மினக்கெட்டன்.