கடலோரத் தோட்டத்து ஒயினில் உப்பு கரிக்கும் என்கிறார்களே, அது உண்மையா, விற்பனைத் தந்திரமா?

ஹோட்டல் மேனேஜ்மென்ட் முடித்துவிட்டு நேர்முகத் தேர்வுக்காகக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பயணக் கப்பலில் ஒயின் பரிமாறும் வேலை பார்த்தவன் என்பதால் பதில் சொல்லக் கை துறுதுறுக்கிறது. 'குடிக்கச் சொல்லித் தருகிறாயா' என்று கமென்டில் வரப்போகிறவர்களுக்கு முன்கூட்டியே ஒரு கும்பிடு. நான் பேசப்போவது மண்ணையும் காற்றையும் பற்றி.

உப்பு உண்மைதான். ஆனால் அது கல்லின் சுவை வேர் வழியாக அப்படியே ஏறி வருவதல்ல.

எனக்குத் தெரிந்த இடம் கிரீஸின் சாண்டோரினி தீவு. எரிமலை வெடித்துக் கடல் புகுந்த பள்ளத்தில் கப்பல் நிற்கும். சின்னப் படகில் கரைக்கு வந்து, ரோப் காரில் செங்குத்துப் பாறை மேலேறி ஃபிரா ஊருக்குப் போகவேண்டும். பயணிகள் வெள்ளை வீட்டையும் நீலக் கோபுரத்தையும் போட்டோ எடுக்க ஓடுவார்கள். நான் ஓய்வு கிடைத்த ஒரு நாள் பஸ் பிடித்து, திராட்சைத் தோட்டங்கள் உள்ள மெகலோகோரி கிராமத்துப் பக்கம் போனேன்.

பந்தல் இல்லை, கம்பி இல்லை. கொடியைத் தரையோடு தரையாக வட்டமாகப் பின்னி, சும்மாடு மாதிரி உட்கார வைத்திருந்தார்கள். குலைகள் அதற்குள்ளே பதுங்கியிருந்தன. கோடையில் மெல்டெமி என்ற வடகாற்று மணலை வாரி அடிக்கும், நிமிர்ந்து நிற்கும் கொடி அங்கே பிழைக்காது. தோட்டத்துப் பெரியவர் காலடியிலிருந்து ஒரு நுரைக்கல்லைத் தோண்டி என் கையில் வைத்தார். எடையே இல்லை. மேல்மண் பொடியாகக் காய்ந்து கிடந்தது, கல்லின் அடிப்பக்கம் மட்டும் ஈரம். கோடையில் மழை அநேகமாகக் கிடையாது. இரவில் கடலிலிருந்து ஏறிவரும் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்வது இந்தக் கல்தான். காற்றுப் பக்கம் இருந்த ஒரு பழத்தைக் கழுவாமல் வாயில் போட்டேன், தோல் கரித்தது. தூத்துக்குடிக்காரனுக்கு உப்பு தெரியாதா?

சுமார் 3,600 ஆண்டுகளுக்கு முன் வெடித்த எரிமலையின் சாம்பல்தான் அந்த மண். அதில் களிமண் இல்லை என்றே சொல்லலாம். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தோட்டங்களை அழித்த ஃபிலாக்ஸெரா என்ற வேர்ப்பேனால் அங்கே குடியேற முடியவில்லை. மற்ற நாடுகளில் அமெரிக்க வேரில் ஒட்டுக்கட்டிப் பிழைத்தார்கள், இங்கே சொந்த வேர். கூடை மாதிரிப் பின்னிய கொடி கிழடானால் வெட்டிவிட்டு அதே வேரிலிருந்து புதுத் துளிர் விடச் செய்கிறார்கள். பொட்டாசியமும் குறைவு, அதனால் அந்த வெயிலிலும் அங்கே விளையும் அசிர்டிகோ திராட்சையின் புளிப்பு இறங்குவதில்லை. அந்தப் புளிப்போடு தோலில் படிந்த கடல் உப்பும் கொஞ்சம் சேர, நாக்கு 'உப்பு' என்கிறது. கல்லின் சுவை அப்படியே கோப்பைக்கு வருகிறது என்பதை அலெக்ஸ் மால்ட்மன் போன்ற நிலவியலாளர்களே ஏற்பதில்லை.

எல்லாக் கடலோரமும் இப்படி என்று எழுதிவிடாதீர்கள். பிரான்ஸில் போர்டோவின் மெடாக் பகுதியும் அட்லாண்டிக் பக்கம்தான், அங்கே தொல்லையே மழை. சரளை மண் தண்ணீரை வடித்துவிடுவதால்தான் கபெர்னே திராட்சை பழுக்கிறது. உப்புப் பேச்சு அவ்வளவாக எழாது.

கப்பலில் ஒரு விருந்தாளி, 'உங்கள் ஊரில் ஒயின் குடிப்பதே இல்லையே, உனக்கென்ன தெரியும்?' என்று மேசையில் எல்லோர் முன்னாலும் கேட்டார். இந்த நுரைக்கல் கதையைச் சொன்னேன். மறுநாள் இரவு என் பெயரைச் சொல்லி என் மேசையையே கேட்டு வாங்கினார். பீற்றிக்கொள்கிறேன் என்றால் இருக்கட்டும், அந்தப் பெருமையை ஊரில் யார் தந்தார்கள்? பெண் பார்க்கப் போன வீட்டில் 'மாப்பிள்ளை கப்பல்ல சரக்கு ஊத்துறாராமே' என்று அடுப்படியிலேயே முடிவு கட்டிவிட்டார்கள். அதே வீட்டுப் பெரியவர் கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, 'தம்பி, அடுத்த தடவை வரும்போது ஒண்ணு கொண்டு வருவீங்களா' என்றார். அப்புறம் எதற்கு அந்தப் பேச்சு?

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். தேர்வில் அசிர்டிகோவை ஊற்றச் சொன்னால் ஐஸில் புதைத்து வைக்காதீர்கள். 10 டிகிரி போதும். அதற்கும் கீழே ரொம்ப இறங்கினால் புளிப்பு மட்டும்தான் தெரியும், நீங்கள் கேட்ட உப்பு தெரியாது.