ஜம்ப் கியூ வாங்கும் முன் அளவு நாடாவை எடுங்கள்

கேள்வி: நான் அம்பாசமுத்திரத்தைச் சேர்ந்தவன். பாளையங்கோட்டையில் ஒரு ஸ்நூக்கர் பார்லரில் பூல் ஆடிப் பழகி, இப்போது மாநில அளவிலான நைன் பால் (ஒன்பது பந்துகளை வைத்து ஆடும் பூல்) போட்டி ஒன்றுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். பார்லருக்கு வந்து போகும் ஒருவர், மூன்று துண்டாகக் கழற்றக்கூடிய பிரேக்-ஜம்ப் கியூ (ஆட்டத்தைத் தொடங்கும் பிரேக்குக்கும், வெள்ளைப் பந்தை வேறொரு பந்தின் மேலாகத் தாண்டவைக்கும் ஜம்புக்கும் உதவும் கம்பு) ஒன்றுக்கு விலை பேசி முன்பணமும் வாங்கிக்கொண்டார். முழுதாகப் பூட்டினால் அது 58 அங்குலம் இருக்கிறது; ஜம்ப் அடிப்பதற்காகப் பின்துண்டைக் கழற்றினால் 38.5 அங்குலம்தான் வருகிறது. “36 அங்குலம் இருந்தாலே போதும், இது டோர்னமெண்ட் கியூ” என்கிறார். நம்பி வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். உலக பூல்-பில்லியர்ட் சங்கத்தின் விதிப்படி பூல் ஆட்டத்தில் கியூவின் நீளம் 40 அங்குலத்துக்கு, அதாவது 101.6 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. பெட்டிக்குள் எத்தனை துண்டு இருக்கிறது, எல்லாவற்றையும் சேர்த்தால் எவ்வளவு நீளம் என்பதெல்லாம் கணக்கில் வராது. பந்தை அடிக்கும் நேரத்தில் உங்கள் கையில் எது இருக்கிறதோ அதுதான் கியூ, அதன் நீளம்தான் கணக்கு. முழுதாகப் பூட்டிப் பிரேக் அடிக்கும்போது குற்றமில்லாத அந்தக் கியூ, பின்துண்டைக் கழற்றிய கணத்திலேயே செல்லாததாகிவிடுகிறது. நீளத்துக்கு மேல் வரம்பு கிடையாது. எடைக்கு 25 அவுன்ஸ், டிப்பின், அதாவது பந்தில் படும் நுனி வில்லையின், அகலத்துக்கு 14 மில்லிமீட்டர் என்று மேல்வரம்பு உண்டு. இவை இரண்டும் உங்களுக்குத் தொந்தரவு தரப்போவதில்லை.

அந்த 36 அங்குலக் கதை எங்கிருந்து வந்தது என்றால், ஸ்நூக்கர் விதியிலிருந்து. அங்கே கியூ மூன்று அடிக்குக் குறையக் கூடாது என்று இருக்கிறது. நம் பக்கத்துப் பார்லர்களில் பெரும்பாலும் ஸ்நூக்கர் மேசைகளே இருப்பதால், அந்த ஆட்டத்தின் விதியையே பூலுக்கும் ஒட்டிவைத்துப் பேசுகிறவர்கள் அதிகம். ஆனால் ஸ்நூக்கரில் வெள்ளைப் பந்தை மற்றொரு பந்தின் மேலாகத் தாண்டவைத்து அடிப்பதே ஃபவுல் என்பதையும், அதற்குக் குறைந்தது நான்கு புள்ளிகள் எதிராளிக்குப் போகும் என்பதையும் இவர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள். தாண்டவே அனுமதிக்காத ஓர் ஆட்டத்தின் நீளக் கணக்கைக் காட்டித் தாண்டுவதற்கென்றே ஒரு கியூவை விற்கிறார் என்றால், அவருக்கு இரண்டு ஆட்டமும் தெரியாது, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

இதில் ஒரே ஒரு விலக்கை மட்டும் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் விற்கிறவர் அடுத்து அதைத்தான் பிடித்துக்கொள்வார். கியூவின் நீளத்தைக் கூட்டுவதற்கு இணைப்புத் துண்டு பூட்டிக்கொள்ள விதி இடம் தருகிறது. ஆகவே 38.5 அங்குலத் துண்டின் பின்முனையில் இரண்டு அங்குல இணைப்பைத் திருகிப் பூட்டினால் 40.5 அங்குலம் ஆகிவிடும். அப்படியே அடித்தால் நீளத்தைக் காரணமாகச் சொல்லி உங்களைத் தடுக்க முடியாது. ஆனால் அந்த இணைப்பு கியூவின் திருகாணிக்குப் பொருந்துவதாக, ஆடாமல், ஒரே கம்பு என்று சொல்லும்படி உட்கார வேண்டும். ஜம்ப் அடிக்கும் ஒவ்வொரு முறையும் அது பூட்டியே இருக்க வேண்டும். உங்கள் ஊரில் மரச்செப்புக் கடைசல் பிடிக்கிறவர்களிடம் கொடுத்தால் மரத்தை அழகாக உருட்டித் தந்துவிடுவார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. திருகாணியின் மரை பொருந்துவதுதான் கடினம், பசையிட்டு ஒட்டியது பத்து அடி தாங்காது. துணியைச் சுற்றுவதும், கைப்பிடியில் ரப்பர் குழாயை இழுத்து மாட்டி நீளம் காட்டுவதும் இணைப்பு ஆகாது. மேலும் சரியாக 40 அங்குலத்தில் நிற்கிற கியூவையும் வாங்காதீர்கள்: டிப் தேய்ந்து, அடுத்து சற்று மெல்லிய டிப்பை ஒட்டினால் அளவு குறைந்துவிடும். அரை அங்குலமாவது மிச்சம் இருக்கட்டும். அந்த மிச்சத்தைக் கணக்கிடும்போது அடிமுனையின் ரப்பர் மூடியைச் சேர்க்க வேண்டாம்.

கியூ வியாபாரத்தில் இடைத்தரகர்கள் செய்கிற காரியங்கள் இதோடு முடிவதில்லை. வளைந்துபோன பழைய ஸ்நூக்கர் கியூவின் அடிப்பகுதியை அறுத்து, புதிய வார்னிஷ் பூசி, “இம்போர்ட்டட் ஜம்ப் கியூ” என்று விற்கிறார்கள். ஸ்நூக்கர் கியூவின் டிப் சுமார் 9 அல்லது 10 மில்லிமீட்டர். பூல் கியூவில் 12, 13 மில்லிமீட்டர் இருக்கும். டிப்பைப் பார்த்தாலே பாதி உண்மை வெளிவந்துவிடும். பெட்டியில் ஒட்டிய “அப்ரூவ்டு” ஸ்டிக்கருக்கு நடுவர் மேசையில் மதிப்பே இல்லை, அவர் அளவு நாடாவைத்தான் நம்புவார். பார்லர்காரருக்கும் இதில் கமிஷன் போவதுண்டு என்பதால், அவர் தரும் நற்சான்றையும் பாதியாகத் தள்ளிக் கேளுங்கள்.

குட்டையான கியூ ஏன் ஜம்புக்கு உதவுகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கியூவை நன்றாக உயர்த்திச் சரிவாகக் கீழ்நோக்கி அடிக்கும்போது, வெள்ளைப் பந்து மேசையின் கல்லில் அழுந்தி எழும்புகிறது. கியூ லேசாக இருந்தால் அது பட்டவுடனே பின்வாங்கிப் பந்துக்கு வழிவிடுகிறது, கனமாக இருந்தால் எழும்பும் பந்தை அமுக்கிவிடுகிறது. டிப் கடினமாக இருப்பதும் இதற்காகத்தான். பந்தின் அடியில் கியூவை நுழைத்து அள்ளித் தூக்குவது இந்த வகையில் சேராது, அதை விதி ஏற்பதில்லை.

டிப் விஷயத்தில் விதியின் சொற்கள், பதப்படுத்திய தோல் அல்லது நார்த்தன்மையோ நெகிழ்வோ உள்ள வேறு பொருள் என்று போகின்றன. ஜம்ப் கியூக்களில் பொருத்தப்படும் கடினமான பிசின் டிப்புகளை ஓரிடத்தில் ஏற்பார்கள், ஓரிடத்தில் மறுப்பார்கள். சில போட்டிகளில் ஜம்ப் கியூவுக்கே இடம் இல்லை. இதை நுழைவுப் படிவத்தில் ஒரு வரியாக அச்சிட்டால் என்ன குறைந்துபோகும் என்று எனக்குப் புரியவில்லை. கட்டணம், வங்கிக் கணக்கு, உடை ஒழுங்கு எல்லாம் கொட்டை எழுத்தில் இருக்கும். கியூ பற்றி மட்டும் ஒன்றும் இருக்காது. நெல்லை எக்ஸ்பிரஸில் இரவெல்லாம் உட்கார்ந்து சென்னைக்குப் போய்ச் சேர்ந்த பிள்ளையிடம், ஆட்டம் தொடங்கக் கால் மணி நேரம் இருக்கும்போது “அதைப் பையில் வை” என்று சொல்வது எந்த ஊர் நியாயம்? எனவே ஜம்ப் கியூ அனுமதி உண்டா, எந்த டிப் செல்லும் என்ற இரண்டு கேள்விகளையும் அமைப்பாளருக்கு எழுத்தில் அனுப்பி, பதிலையும் எழுத்திலேயே வாங்கிக் கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த விற்பனையாளரிடம் பார்லரில் நாலு பேர் முன்னால் கியூவை அளந்து காட்டி, 40 அங்குலத்துக்கு மேற்பட்ட ஜம்ப் துண்டு தரச் சொல்லுங்கள், இல்லையென்றால் முன்பணத்தைக் கேளுங்கள். வேறு கியூ கிடைத்துப் பயிற்சியைத் தொடங்கும்போது, வெள்ளைப் பந்துக்கு அடியில் பழைய மேசைத் துணியில் ஒரு சிறு துண்டை விரித்துக்கொண்டு அடியுங்கள். ஜம்ப் அடியில் துணியில் விழுகிற வெள்ளைப் புள்ளிகளுக்குப் பார்லர்காரர் உங்களிடம்தான் காசு கேட்பார்.