780 கிராமில் ஒரு லென்ஸா, மூன்றா?

கேள்வி: எடை குறைவாக இருக்கட்டும் என்று மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் (ஒளியைப் படமாக்கும் சென்சார் சிறியதாக உள்ள வகை) கேமரா வாங்க முடிவு செய்திருக்கிறேன். வீட்டுக்குள் பிள்ளைகள், பயணம், அவ்வப்போது பறவைகள், இவ்வளவுதான் என் தேவை. பின்னணி அழகாக மங்க வேண்டுமென்றால் 25 மி.மீ. எஃப் 1.2 லென்ஸ்தான் வாங்க வேண்டும் என்கிறார் நண்பர். அதன் விலையோ கேமராவின் விலையையே தாண்டுகிறது. சென்சார் சிறியதென்றால் லென்ஸும் மலிவாகத்தானே இருக்க வேண்டும்?

பதில்: அந்த லென்ஸை வாங்காதீர்கள். அது அருமையான லென்ஸ்தான். ஆனால் நீங்கள் சிறிய சென்சாரை நாடிய காரணத்தையே அது அழித்துவிடும்.

லென்ஸின் எடையையும் விலையையும் தீர்மானிப்பவற்றில் முக்கியமானது, ஒளி நுழையும் துளையின் அகலம். குவியத்தூரத்தை (லென்ஸின் பெயரில் வரும் 25 மி.மீ. அதுதான்) எஃப் எண்ணால் வகுத்தால் அது கிடைத்துவிடும். 25-ஐ 1.2-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 21 மி.மீ. நீள அகலத்தில் ஏறக்குறைய இரு மடங்கு சென்சார் கொண்ட ஃபுல் ஃபிரேம் கேமராவில் இதே காட்சிப் பரப்பைக் காட்டுவது 50 மி.மீ. லென்ஸ். அது எஃப் 1.8 என்றால் துளை 28 மி.மீ. காட்சிப் பரப்பு ஒன்றாக இருக்கும்வரை, பின்னணி எவ்வளவு மங்கும், சென்சாரில் மொத்தம் எவ்வளவு ஒளி விழும் என்ற இரண்டும் இந்தத் துளையைப் பொறுத்தவைதான். ஷட்டர் வேகத்தைக் கணக்கிடும்போது எஃப் 1.2 என்பது எங்கும் எஃப் 1.2-தான். மங்கலிலும் நாய்ஸிலும் (படத்தில் தெரியும் புள்ளி இரைச்சல்) மட்டும் அது ஃபுல் ஃபிரேமின் எஃப் 2.4-க்குச் சமமாகிறது.

துளை சிறியதாக இருந்தும் எஃப் 1.2 லென்ஸ் ஏன் கனக்கிறது? இவ்வளவு குறுகிய குவியத்தூரத்தில் இவ்வளவு பெரிய துளை வைத்து, முழுத் திறப்பிலேயே ஓரம் வரை கூர்மை வேண்டுமென்றால் கண்ணாடிகளை அடுக்கத்தான் வேண்டும். ஒலிம்பஸின் 25 மி.மீ. எஃப் 1.2-இல் 19 கண்ணாடிகள். கேனனின் ஆர்எஃப் 50 மி.மீ. எஃப் 1.8-இல் வெறும் 6. முன்னது 410 கிராம், பின்னது 160 கிராம். விலையும் பல மடங்கு வேறுபடுகிறது. தூறலைத் தாங்கும் காப்பு ஒலிம்பஸில் உண்டு, இந்தக் கேனனில் கிடையாது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இப்போது கூட்டிப் பாருங்கள். ஒலிம்பஸ் இ-எம்10 மார்க் 4 கேமரா பேட்டரியோடு 383 கிராம். அந்த எஃப் 1.2 லென்ஸைப் பொருத்தினால் 793 கிராம். ஃபுல் ஃபிரேம் கேமராவான கேனன் இஓஎஸ் ஆர்பியோ 485 கிராம், 50 மி.மீ. எஃப் 1.8-ஐயும் சேர்த்தால் 645 கிராம்தான். அதாவது, பெரிய சென்சார்தான் இங்கே இலகுவாகவும் மலிவாகவும் முடிகிறது!

ஆனால் அதே இ-எம்10 கேமராவுடன் 14-42 மி.மீ. பவர் ஜூம் (93 கிராம்), 45 மி.மீ. எஃப் 1.8 (116 கிராம்), 40-150 மி.மீ. எஃப் 4-5.6 (190 கிராம்) ஆகிய மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 782 கிராம். பயணத்துக்கு வேண்டியது ஏறக்குறைய எல்லாமே ஒரு சிறு பையில் அடங்கிவிடுகிறது. சிறிய சென்சாரின் பலம் இங்கேதான் இருக்கிறது.

அந்த 45 மி.மீ. லென்ஸை மீண்டும் கவனியுங்கள். 45-ஐ 1.8-ஆல் வகுத்தால் 25 மி.மீ. நண்பர் சொன்ன லென்ஸைவிடப் பெரிய துளை! பிள்ளையின் முகத்தைப் படச்சட்டம் நிறைய எடுக்கும்போது, தொலைவிலுள்ள பின்னணி இதில்தான் கூடுதலாக மங்கும். அறை சிறியதென்றால் பின்னால் நகர இடம் போதாது. அதற்கு மட்டும் 25 மி.மீ. எஃப் 1.7 அல்லது 1.8 ஒன்றைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

பறவைகளுக்கு ஒலிம்பஸின் 75-300 மி.மீ. லென்ஸ் இருக்கிறது: ஃபுல் ஃபிரேமில் 600 மி.மீ. காட்டும் காட்சிப் பரப்பு, 423 கிராமில். சோனியின் 200-600 மி.மீ. லென்ஸ் இரண்டு கிலோவுக்கும் மேல். நல்ல வெயிலில் சிறிய லென்ஸ் மனம் நிறையும் படம் தரும். அந்தி சாய்ந்தபின் திணறும், அதை மறைக்க விரும்பவில்லை.

ஒன்று மட்டும் உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். மங்கிய விளக்கொளியில் பிள்ளைகளை எடுப்பதுதான் உங்கள் படங்களில் பெரும்பகுதி, மற்றவை அபூர்வம் என்றால் ஃபுல் ஃபிரேமும் ஒரு 50 மி.மீ. லென்ஸும் வாங்குங்கள். மற்றபடி உங்கள் முதல் முடிவே சரி. கேமராவைக் கையில் பிடித்துப் பார்க்காமல் மட்டும் வாங்காதீர்கள். சென்சார் சிறியது என்பதாலேயே உடல் சிறியதாகிவிடாது: பானசோனிக் ஜி9 658 கிராம், ஃபுல் ஃபிரேம் சோனி ஏ7சி 509 கிராம்.

கேள்வி: அப்பாவின் பழைய ஃபிலிம் கேமராவில் இருந்த 50 மி.மீ. லென்ஸை இந்தக் கேமராவில் பொருத்த முடியுமா?

பதில்: முடியும். அந்த லென்ஸுக்குரிய அடாப்டர் போதும். காட்சிப் பரப்பு ஃபுல் ஃபிரேமில் 100 மி.மீ. லென்ஸ் காட்டுவதுபோலக் குறுகும். ஃபோகஸைக் கையால்தான் திருக வேண்டும். கேமராவுக்குள் அதிர்வுத் தடுப்பு இருந்தால் மெனுவில் குவியத்தூரத்தை 50 என்றே கொடுங்கள், 100 என்றல்ல. அடாப்டர் வாங்குவதற்கு முன் லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போல மெல்லிய இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. சுத்தம் செய்யும் செலவைக் கேட்டறிந்த பிறகு அடாப்டரைப் பற்றி யோசிக்கலாம்.