ஆசை கணக்கில் கை வைக்கும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற ஆண்டு எங்கள் வடிவமைப்புக் குழுவுக்கு என்னைத் தலைவனாக்கினார்கள். புதிய திட்டம் ஒன்றைத் தொடங்க வேண்டும் என்பது என் நெடுநாள் கனவு. குழுவோ பழைய வேலையை முடிக்கவே திணறுகிறது. விடுப்பு, சண்டை, காலக்கெடு என்றே என் நாள் போய்விடுகிறது. நல்ல தலைவன் தன் விருப்பத்தைத் தியாகம் செய்துதான் ஆக வேண்டுமா? அதற்கான மன உறுதி எங்கிருந்து வரும்? தலைமைப் பயிற்சி வகுப்புகள் உதவுமா?

செ.

அன்புள்ள செ.,

சில வாரங்களாக அண்டார்க்டிகப் பயணங்களுக்குத் தலைமை தாங்கிய எர்னஸ்ட் ஷாக்கில்டனைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் உங்கள் கடிதத்தைத் தள்ளி வைக்க முடியவில்லை.

அவர் பெயரைச் சொன்னதும் 1915ல் பனியில் சிக்கி நொறுங்கிய எண்டியூரன்ஸ் கப்பல்தான் பலருக்கு நினைவு வரும். எனக்கு 1909 ஜனவரி 9 அதைவிட முக்கியம். அன்று அவரும் மூன்று தோழர்களும் தென் துருவத்துக்குச் சுமார் 180 கிலோமீட்டர் தூரத்தில் நின்றார்கள். அதற்கு முன் யாரும் அவ்வளவு தெற்கே போனதில்லை. அங்கிருந்து திரும்பிவிட்டார்கள்.

இதை மன உறுதி என்று புகழ்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. மன உறுதி அவரிடம் வேண்டிய மட்டும் இருந்தது, எல்லாம் முன்னே போவதற்கு. ஆபத்தே அதுதான். கொண்டுபோனது 91 நாள் உணவு. நான்கு மஞ்சூரியக் குதிரைகளில் கடைசியானதும் டிசம்பரில் பனிப்பிளவுக்குள் விழுந்துவிட்டது. அதன் இறைச்சியையும் நம்பித்தான் போயிருந்தார்கள். கிறிஸ்துமஸ் அன்று, ஒரு வாரச் சாப்பாட்டைப் பத்து நாளுக்கு இழுப்பது என்று முடிவு செய்தார்கள். ஆசைதான் அப்படி இழுக்க வைத்தது. ஜனவரியில் அதற்கு மேல் இழுக்க இடமில்லை. துருவத்தைத் தொட்டுவிடலாம், உயிரோடு திரும்ப முடியாது. அந்தக் கணக்கை அவர் தன் வசதிக்குத் திருத்தவில்லை, அவ்வளவுதான்.

நம்மில் பெரும்பாலானவர்கள் திருத்திவிடுவோம். ஆசை ஒருபோதும் ஆசை என்று சொல்லிக்கொண்டு வராது. அவசியம் என்றுதான் வரும். இளம் வயதில் நான் வேலை பார்த்த ஒரு பத்திரிகையின் ஆசிரியருக்குச் சிறப்பிதழ்கள் மேல் தீராத மோகம். வழக்கமான இதழ் தாமதமாகிக்கொண்டே போகும், பிழை திருத்துபவர்கள் இரவெல்லாம் கண்விழிப்பார்கள். "வாசகர்கள் கேட்கிறார்கள்" என்பார் அவர். வந்த கடிதங்களைப் பிரித்துப் படித்தது நான். ஒருவரும் கேட்கவில்லை. அவர் பொய் சொல்லவில்லை, மனதார நம்பினார். அதை எடுத்துச் சொல்லும் தைரியம் எங்களில் ஒருவருக்கும் வரவில்லை, ஏனென்றால் சொன்னவரிடம் அவர் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசமாட்டார். தலைவரின் ஆசை மற்ற எல்லோர் கண்ணுக்கும் தெரியும், அவருக்கு மட்டும் தெரியாது. யாராவது சொல்ல வேண்டும். சொல்ல விட வேண்டும். நான் திரும்பத் திரும்ப இதையே சொல்கிறேன் என்று உங்களுக்குத் தோன்றினால் தோன்றட்டும்.

தியாகம் என்ற பேச்சையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். தியாகம் செய்வதாக நினைக்கிற தலைவர் அதற்கு நன்றியை எதிர்பார்ப்பார், அப்புறம் அதுவும் குழுவின் தலையில் ஒரு சுமை. ஷாக்கில்டனின் ஆசை சாகவில்லை. 1914ல் மறுபடியும் தெற்கே கிளம்பினார். 1909ல் திரும்பும் வழியில் நோயுற்றிருந்த தோழர் ஃபிராங்க் வைல்டுக்குத் தன் பங்கு பிஸ்கட்டை வற்புறுத்திக் கொடுத்தார். எவ்வளவு பணம் கொடுத்தாலும் அதற்கு ஈடாகாது என்று வைல்டு நாட்குறிப்பில் எழுதி வைத்தார். 1914 பயணத்தில் துணைத் தலைவராக வந்ததும் அதே வைல்டுதான். அந்தப் பயணத்திலேயே அண்டார்க்டிகா கண்டத்தின் மறுகரைக்கு அனுப்பப்பட்ட குழுவில் மூன்று பேர் இறந்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதைச் சொல்லாமல் அவரைக் கொண்டாடுகிறவர்களை நான் நம்புவதில்லை.

பயிற்சி வகுப்பு பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

விடுப்பு, சண்டை என்று அலுத்துக்கொள்கிறீர்களே, தம்பி, இப்போது உங்கள் வேலையே அதுதான். அந்த மனிதர்கள் ஏன் திணறுகிறார்கள் என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. படித்தபோது அதுதான் உறுத்தியது. உங்கள் களைப்பு எனக்குப் புரிகிறது, அதை லேசாக நினைக்கவில்லை. கனவுத் திட்டத்தையும் தூக்கிப் போட வேண்டாம். பழைய வேலை முடிய எத்தனை நாள், எத்தனை ஆள் வேண்டும் என்று குழுவில் ஆக இளையவரை எழுதித் தரச் சொல்லுங்கள். அவர் எழுதியதில் ஒரு எண்ணைக்கூட மாற்றாதீர்கள். அதைப் படித்த பிறகு எனக்கு மறுபடி எழுதுங்கள்.